மைனஸ் பத்தொன்பது

மூன்று மணி ஆனதும்
சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும்.
அவனியாபுரத்து மே மாதம்.
நாலரைக்குள் அறுபது பில்
கண்ணால் பார்த்திராத ஊர் ஆஸ்பத்திரிக்கு
சரிபார்த்து அனுப்பியாக வேண்டும் நான்.

அணைத்துவிட்டு முப்பது வரை எண்ணுங்க மேடம்
என்றது கஸ்டமர் கேர்.
அறுபது வரை எண்ணினேன்.
ஊக்கு எடுத்துப் பின்துளையில் குத்தினேன்.
தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி நூல் நுனி,
அதைக் கழற்றி நைட்டியில் துடைத்து மாட்டினேன்.
கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்
பதினோரு பில் போனது, பிறகு
இன்றைய டேட்டா தீர்ந்தது என்று குறுஞ்செய்தி.
ராத்திரி எட்டுக்கு மேல்
ஒன்றுமே நடக்காதது போல் பச்சை எரியும்.

அப்படியென்றால்
மூன்று மணிக்கு என்ன நடக்கிறது?

மாடியில் சோணைமுத்து துணி காயப்போடுகிறான்.

ஆம்னி பஸ்ஸில் கிளீனர்.
பகலெல்லாம் தூங்கி, ரெண்டரைக்குத் துவைத்து,
கம்பத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரில்
ரெண்டு கைலி, பனியன், கம்பெனியின் நீலச் சட்டை.
ஓடிப்போய்ப் பார்த்தபோது
தொய்ந்து கிடந்தது ஒயர்.

என் சோத்துல மண்ணள்ளிப் போடவா குடிவந்தே?
எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்தன.
இன்னும் என்னென்னவோ கேட்டேன்.
பஸ் கழுவுகிற புத்தி என்றும் சொன்னேன்,
அதை இங்கே எழுதாமலும் விட்டிருக்கலாம்.
அவன் ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்து
தோளில் போட்டுக்கொண்டான்.
கொடின்னு நெனச்சுட்டேன்க்கா.
அவ்வளவுதான் பேசினான்.

மறுநாள் ஒயர் வெறுமனே கிடந்தது.
மூன்று மணி.
சிவப்பு.
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
நேற்றே நசுக்கித் தொலைத்திருக்கிறான் என்றேன் சுவரிடம்.

நாலாம் நாள் நெல்பேட்டையிலிருந்து யாசர் வந்தான்.
புஷ்பகாந்தி மேடமா?
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
நூலைப் பிடுங்கி ஒரு மஞ்சள் மீட்டரில் சொருகினான்.
மைனஸ் பத்தொன்பது.
அய்யோ, மைனஸா?
மைனஸ்தான்க்கா, அருமையான லைன்.
வெளிச்சம் உங்க வாசல் வரைக்கும் நல்லா வருது.
நுனியை மட்டும் துணியால தொடச்சிருக்கீங்க போல.

பிறகு மோடத்தைத் தொட்டு விரலை உதறினான்.
இதுல முட்டை அவிக்கலாம்.

மேற்குச் சுவர்.
அடியில் பிரிட்ஜின் ஸ்டெபிலைசர்.
தூசி படாமலிருக்க
நானே வாங்கிப் போட்ட வெல்வெட் உறை, ஓரத்தில் ஜரிகை.
சூட்டுல உள்ள கண்ணு அவிஞ்சு போச்சுக்கா,
வர்ற வெளிச்சத்த பாக்க முடியல அதுக்கு.
உச்சிவெயில் தாண்டுனதும் மயங்கிரும்,
ராத்திரி குளுந்தா முழிச்சுக்கும்.

மெதுவாகக் கேட்டேன்,
ஒயர்ல துணி காயப்போட்டா கெட்டுப்போகுமா?
உள்ள கம்பி வச்சிருக்குக்கா.
மாட்டுத்தாவணி பக்கம் கொரங்கே தொங்குது.

புது மோடம் மாட்டி, உறையை என் கையில் கொடுத்து,
ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போனான்.
மூன்று மணி. பச்சை.
மூன்றரை. பச்சை.
நாலு இருபதுக்கு அறுபதாவது பில்லும் போய்ச் சேர்ந்தது.
கழற்றிய பழையது மேசையில் கிடந்தது,
தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஆறவில்லை.

சாயந்திரம் படியேறிப் போனேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
வெயிலே எட்டாத வடக்கு மூலையில்
சணல் கயிறு கட்டி வைத்திருந்தான்.
கைலி சொட்டிக்கொண்டிருந்தது.
டூட்டிக்குக் கிளம்பி எதிரே வந்தான்.
நீலச் சட்டையின் முதுகில்
கைக்குட்டை அகலத்துக்கு ஈரம்.

தம்பி, அந்த ஒயர்ல துணி...

முடிக்கவில்லை நான்.
தெரியும்க்கா, இனிமே போட மாட்டேன் என்று
சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டு
ரெண்டு ரெண்டு படியாக இறங்கிவிட்டான்.